எப்சிபா போனில் சொன்னது

பல் துலக்கினேன். பால் காய்ச்சினேன். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டேன். படமெடுப்பவர்கள் வந்து காலரில் மைக்கைக் குத்தினார்கள். என் மனைவி எப்சிபா வெளிநாட்டில், ஒரு மலையூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். போன மாதம் அங்கே ஓர் ஆயுதக் கும்பல் அவளைக் கொன்றது. மிஷனை நடத்துவது ஒரு வல்லரசு நாட்டின் சபை. அதற்கு அவளைப் பற்றி ஒரு படம் வேண்டும்.

“அவங்க ஜனாதிபதியே பாப்பாரு, பிரதர்,” என்றார் அவர்களோடு வந்திருந்த எங்கள் பாஸ்டர் ஞானசிகாமணி. “அவர் தலையில கைவச்சு ஜெபிக்கிறவங்கதான் போட்டுக் காட்டப் போறாங்க. அப்புறம் அந்த ஊர் மேல பிளேன் போகும். ஒரு வீடு மிஞ்சாது. சிஸ்டர் கடைசியா, ‘ஆண்டவரே, இந்த ஜனத்தை நியாயந்தீரும்’னுதான சொன்னாங்க?”

“அப்படிச் சொல்லல.”

“சொல்லியிருப்பாங்க. நீங்க தலைய ஆட்டுனாப் போதும். கீழ எழுத்துல போட்டுக்குவாங்க.”

காமிராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லோரும் என் தலையையே பார்த்தார்கள். அது தானாக அசைந்துவிடுமோ என்று இரண்டு கைகளாலும் தாடையைப் பிடித்துக்கொண்டேன்.

எப்சிபா போனில் கடைசியாக என்னிடம் சொன்னது இதுதான்: “பயப்படாதீங்க. இந்த ஊர் அம்மா ஒருத்தங்க என்னைக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சுட்டு, பிள்ளைங்களோட வாசல்ல உக்காந்திருக்காங்க.”