அண்ணனுக்கு எழுதியது

குடும்ப வரலாற்றுக்கென்றே முகநூலில் பக்கம் நடத்திய குணசீலன், இறந்துபோன அப்பாவின் பெட்டியில் கிடைத்த இன்லண்ட் லெட்டரை அதில் ஏற்றினார். புருஷன் அடிக்கிறார், வந்து கூட்டிப் போ என்று செண்பகம் அத்தை கல்யாணமான புதிதில் எழுதியது. "முத்து முத்தான கையெழுத்து!" என்று உறவினர்கள் புகழ்ந்தார்கள்.

மாலையில் அத்தையே போன் செய்தார்.

"கடைசி வரியப் படிச்சியாப்பா?"

படித்திருந்தார். 'படித்ததும் கிழித்துவிடு அண்ணா.' அந்த வரியால்தான் கடிதத்துக்கே மதிப்பு என்று நினைத்திருந்தார்.

"அண்ணனுக்கு என்னைக் கூட்டிட்டுப் போகவும் மனசு வரல, அதைக் கிழிக்கவும் மனசு வரல. இப்ப பேத்தி கேக்குறா, தாத்தா உன்ன அடிச்சாரான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

குணசீலன் பதிவை நீக்கினார்.

சற்று நேரத்தில் சித்தப்பா மகன் எழுதியிருந்தான்: "அத்தை லெட்டரைக் காணோமே அண்ணே? கவலைப்படாதீங்க, நான் எடுத்து வச்சிருக்கேன். நம்ம குரூப்ல போட்டுட்டேன்."