கை படாத எஞ்சின்

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கி வைத்ததும் கருகிய எண்ணெய் நாற்றம் ஷெட் முழுக்கப் பரவியது.

பரிசோதகருக்கு நாற்றம் பழகியதுதான். சிலிண்டரின் அகலத்தைப் பார்த்துத்தான் அவருக்குக் குமட்டியது.

கேஜை உள்ளே விட்டு அளந்தார். கம்பெனிப் புத்தகத்தில் எழுபத்து மூன்று மில்லிமீட்டர். இங்கே எழுபத்தேழு.

நான்கு சிலிண்டரும் அப்படியே. யாரோ சிலிண்டரைக் குடைந்து போரிங் போட்டு, பெரிய பிஸ்டன்களை இறக்கி, எஞ்சினின் கொள்ளளவையே கூட்டியிருக்கிறார்கள். மற்ற வண்டிகள் திணறித் திணறி ஏறிய மேட்டில், இந்த அறுபது வயசுக் கார் மட்டும் மூன்றாவது கியரிலேயே போனது எப்படி என்று இப்போது விளங்கியது. இழுவை சும்மா வந்துவிடுமா?

காலையில் நடந்த பழைய கார் ஓட்டத்தில் முதல் பரிசு இதற்குத்தான் என்றார்கள். எஞ்சினை மாற்றக்கூடாது என்ற விதியை மீறியதாக இரண்டாவதாக வந்தவர் புகார் கொடுத்தார். பிரித்துப் பார்க்க இவரைக் கூப்பிட்டார்கள். சங்கத்தில் இவருக்குக் 'கறார்' என்றே பெயர். ஒரே ஒரு போல்ட் புதுசு என்று சொந்த மச்சானின் வண்டியையே திருப்பி அனுப்பிய மனுஷர்.

வண்டிக்குச் சொந்தக்காரர் தையல் கடை நடத்தும் அம்மாள். சீட் உறையெல்லாம் அவரே தைத்தது. புருஷன் போன பிறகு, வருஷத்துக்கு ஒரு நாள் இந்த ஓட்டத்துக்கு வருவது ஒன்றுதான் அவருக்கென்று மிச்சம். எஞ்சினைத் தாங்கள் தொட்டதே இல்லை, கை படாத எஞ்சின் என்று சொல்லித்தான் தரகர் விற்றார் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் பாடுகிற பாட்டு. பரிசோதகருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இருபது வருஷமா ஓட்டுறீங்க. உள்ள என்ன இருக்குன்னு தெரியாதாம்மா?"

அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். சுற்றி நின்றவர்களில் ஒருவர் சிரித்தார்.

சங்கத்துச் செயலாளர் படிவத்தை நீட்டினார். அதில் இரண்டு கட்டங்கள். மாற்றம் தெரியாமல் நடந்தது என்றால் பரிசு மட்டும் போகும். வேலையைச் செய்தது யார் என்று சங்கம் விசாரிக்கும். தெரிந்தே நடந்தது என்றால் ஆயுளுக்கும் தடை, விசாரணை கிடையாது.

எழுதுவதற்கு முன் பிஸ்டன் அளவையும் குறித்துக்கொள்ளலாம் என்று துணியில் மண்ணெண்ணெய் தொட்டுக் கரியைத் துடைத்தார்.

பிஸ்டன்களின் தலையில் கையால் அடித்துப் பொறித்த எண்கள். முதலாவதில் ஒன்று. அடுத்ததில் இரண்டு. கடைசியில் நான்கு.

மூன்றாவதில் மட்டும் எண் இல்லை. வரிசையாக மூன்று புள்ளிகள்.

துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

எண் பொறிக்க அவர் வைத்திருக்கும் பஞ்ச் பெட்டியிலும் மூன்று மட்டும் கிடையாது. அது தொலைந்து முப்பது வருஷம். அன்றிலிருந்து மூன்று வேண்டிய இடத்தில் மூன்று புள்ளிதான் வைப்பார்.

அவர் விற்றபோது இந்தக் கார் கறுப்பு. இப்போது கிளிப்பச்சை. மலைப்பாதையில் இழுக்கட்டும் என்று ஆசைப்பட்டுத் தன் கையாலேயே போரிங் போட்டவர், இரண்டே வருஷத்தில் அலுத்துப்போய் விற்றார். வாங்கியவரின் முகத்தை அவர் பார்த்ததில்லை. கை படாத எஞ்சின் என்ற வார்த்தையைத் தரகருக்குச் சொல்லிக்கொடுத்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

அம்மாள் கிட்டே வந்தார். குரல் தணிந்திருந்தது.

"பரிசு போனாப் போகுது சார். தெரியாமன்னு போடுங்க. என் வீட்டுக்காரரை ஏமாத்தினது யாருன்னு எனக்குத் தெரியணும்."

பரிசோதகர் துணியை மூன்றாவது பிஸ்டன் மேல் போட்டார். பேனாவை வாங்கினார்.

'தெரிந்தே' என்ற கட்டத்தில் டிக் அடித்து, கீழே கையெழுத்தும் போட்டார்.

கறார்னா கறார்தான் என்று செயலாளர் அவர் முதுகில் தட்டினார்.

வாய் நிறையப் புளித்த எச்சில் ஊறியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கிக்கொண்டார்.