விசிறி நின்றதும்

முறையீட்டு அறையின் மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது. கணவருக்காகச் சாட்சி சொல்ல வந்திருக்கும் மனைவியின் குரல் தெளிவாகக் கேட்க வேண்டுமென்று அதிகாரியே எழுந்து போய் அதை நிறுத்துகிறார். இறக்கைகள் ஓய்கின்றன. ஜன்னல் வெளிச்சத்தில் தூசி அசையாமல் நிற்கிறது. பீரங்கிப் படையிலிருந்து ஓய்வு பெற்ற கணவர் மேசை விளிம்பை இறுகப் பிடிக்கிறார், நெற்றி வியர்க்கிறது. காதுக்குள் ஓயாத இரைச்சல் என்று அவர் கேட்ட ஊனமுற்றோர் ஓய்வூதியம், ஆதாரமில்லை என்று இரண்டு முறை மறுக்கப்பட்டிருக்கிறது. இதுவே கடைசி முறையீடு. "ஐயா, ஃபேனப் போட்டுடுங்க," என்கிறாள் மனைவி. "சத்தம் நின்னா இவர் காதுல விசில் கூடிடும். குளிர்காலத்துலகூட எங்க வீட்ல விடிய விடிய ஃபேன் ஓடும். எங்க குடும்பத்துலயே அதிகமா உழைச்சது அதுதான். இருபத்திரண்டு வருஷமா நான் ரெண்டு கம்பளி போத்திட்டுப் படுக்கறேன்." அதிகாரி விசையைத் தட்டிவிட்டு வந்து பேனாவைத் திறக்கிறார். "இத ஏம்மா முன்னாடியே சொல்லல?" "யாரும் என்னைக் கேக்கலையே ஐயா." கணவர் அவள் பக்கம் திரும்புகிறார். "உனக்குக் குளிர் தாங்காத உடம்புன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்?" "அப்படித்தான் சொல்லி வச்சேன். இல்லேன்னா ஃபேனாலதான் குளிருதுன்னு தெரிஞ்சு நிறுத்திடுவீங்களே." அதிகாரி அதையும் நிதானமாக எழுதுகிறார். கணவர் அவள் தோளில் நழுவிய சால்வையைக் கழுத்துவரை இழுத்துவிடுகிறார். பிறகும் அவருக்குக் கையை எடுக்கத் தோன்றவில்லை.