கூழாங்கல் மேல் ஒரு மெத்தை

கடையின் நட்டநடுவில் ஒரு கூடைக் கூழாங்கல்லைக் கொட்டிப் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, ஹாஜியார் நசுருதீன் இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தார். தன் ஊரான தொட்டியத்துக் காவிரிக்கரையில் அவரே பொறுக்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த கற்கள்.

"குத்துது. அடுத்ததை எடுங்க தம்பி," என்றார், எழுந்திருக்காமலே.

மெத்தைக் கடை பரக்கத் அலி தலையில் கைவைத்துக்கொண்டார். மலைக்கோட்டைக்குக் கீழே கடை போட்டு இருபது வருஷத்தில் மெத்தையைக் கிள்ளிப் பார்த்தவர்கள் உண்டு, மோந்து பார்த்தவர்கள் உண்டு. கல்லோடு வந்தவர் இவர் ஒருத்தர்தான். வாசலில் பாதிக் கடைவீதி கூடிவிட்டது. மீதிப் பாதி வந்துகொண்டிருந்தது.

"ஹஜ்ஜுக்குக் கொண்டுபோக ஒரு படுக்கைன்னுதானே சொன்னீங்க? அதுக்கு இவ்வளவு சோதனையா ஹாஜியார்?"

"அம்பத்தொண்ணுல நான் போனப்ப வெறும் போர்வையோட போயிட்டேன். மக்காவைத் தாண்டி மினாவிலயாவது கூடாரம் இருந்துச்சு. முஸ்தலிபாவுல வெட்டவெளிதான், விடியுற வரைக்கும் இந்த மாதிரிப் பொடிக்கல்லு மேலதான் எல்லாரும் கிடந்தோம்."

ஹாஜியார் எழுந்து உட்கார்ந்தார். "ஊருக்கு வந்து என் சம்சாரம் சாரா பீவிகிட்ட சொன்னேன். 'எனக்கு இடது இடுப்பு தாங்காது, என் ஹஜ்ஜுக்கு நல்ல மெத்தையா ஒண்ணு வாங்கிடுங்க'ன்னா. சரின்னு வாக்குக் கொடுத்துட்டு, இந்த வருஷம் அடுத்த வருஷம்னு ஏழு வருஷம் ஓட்டிட்டேன். இதுலயும் தப்பு விட்டா நான் மனுஷனே இல்ல."

அடுத்து வந்தது ஐந்தங்குல இலவம்பஞ்சு மெத்தை. படுத்த ஹாஜியார் அப்படியே உள்ளே இறங்கிவிட்டார். மூக்கு நுனி மட்டும்தான் வெளியே தெரிந்ததாகப் பக்கத்துக் கடைக்காரர் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். சுகத்துக்குக் குறைவில்லை. ஆனால் சுருட்டி நிறுத்தியபோது அது தெப்பக்குளத்து மண்டபம் அளவுக்கு நின்றது.

"இதை முதுகுல கட்டிக்கிட்டு ஒட்டகம் நடக்கும். நான் நடப்பேனா?"

மூன்றாவது, பட்டாளத்து ஏலத்தில் வந்த காற்றடைக்கிற ரப்பர் மெத்தை. பரக்கத் அலி முழி பிதுங்க ஊதி முடித்தார். ஹாஜியார் படுத்ததுதான் தாமதம், ஏதோ ஒரு கல் தன் வேலையைக் காட்டிவிட்டது. அது போட்ட 'புஸ்' சத்தத்தில் உச்சிப்பிள்ளையார் கோயில் புறாக்கள் மொத்தமும் கிளம்பி ஸ்ரீரங்கத்தில் போய்த்தான் இறங்கின.

"அம்மாவையே கூட்டிட்டு வந்திருந்தா இந்தப் பாடு உண்டா?" என்று மூச்சு வாங்கினார் பரக்கத் அலி.

"அவ எங்கே தம்பி வர்றது," என்று ஹாஜியார் குனிந்து, கலைந்த கற்களை ஒழுங்குபண்ண ஆரம்பித்தார்.

"நல்லாக் கேட்டீங்க பாய்! கடைவீதியில பொம்பளைங்க வந்து படுத்துப் பாப்பாங்களா?" என்றார் வாசலில் நின்ற டீக்கடை மீரான். கூட்டம் சிரித்தது.

பரக்கத் அலிக்கு ரோஷம் வந்துவிட்டது. அடியில் முசிறிக் கோரைப் பாய், மேலே இரண்டே அங்குலம் இலவம்பஞ்சு, பஞ்சு ஒதுங்கிப் போகாதபடி சாணுக்கு ஒரு தையல் என்று புதுசாக ஒன்றை உட்கார்ந்து தைத்தார். அதற்குள் மீரான் கடையில் அண்டா அண்டாவாக டீ காலியாயிற்று; ஒருத்தரும் நகரவில்லை.

ஹாஜியார் படுத்தார். இடது இடுப்பை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டார்.

"குத்தலை," என்றார். "இந்த மெத்தை அவளுக்கு ஒத்துக்கும்."

"அல்ஹம்துலில்லாஹ்! நாலே முக்காலடியில வெட்டி மடிச்சுத் தைச்சிடவா? முன்ன ஒருதரம் உங்களோட வந்தப்ப பாத்திருக்கேனே, அம்மா உங்க தோளுக்குக்கூட வரமாட்டாங்க."

"ஆறடியே இருக்கட்டும்."

"அதுல அம்மா என்ன பந்து விளையாடப் போறாங்களா? சரி, உங்களுக்கு எதைக் கட்டட்டும்?"

"வேற வேண்டாம். இந்த ஒண்ணு போதும்."

"பாத்துக்கங்கப்பா, பொண்டாட்டிக்கு மெத்தை, புருஷனுக்குக் கல்லு!" என்று மீரான் கூவ, வாசலே அதிர்ந்தது. ஹாஜியாரும் சிரித்தார்.

"ஓரத்துல பேர் தைச்சுக் கொடுங்க தம்பி. கப்பல்ல மாறிடக் கூடாது. சாரா பீவின்னு போடுங்க."

பரக்கத் அலி சிவப்பு நூலில் பேரைத் தைத்தார். மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டி, அவரே ஹாஜியார் தோளில் ஏற்றிவிட்டார்; ஒரு கைக்குழந்தை கனம்கூட இல்லை.

"அம்மாவுக்கு என் சலாம் சொல்லுங்க. அங்க போய் எனக்காகவும் கையேந்தி துஆ கேக்கச் சொல்லுங்க, மறந்துடாதீங்க."

படியில் ஒரு காலை வைத்த ஹாஜியார் அப்படியே நின்றார். தோளிலிருந்த சுருட்டைச் சரிசெய்துகொண்டு, திரும்பாமலே சொன்னார்:

"அவ மவுத்தாகி, அடக்கம் பண்ணி எட்டு மாசமாச்சு தம்பி, அவ பேர்ல ஹஜ்ஜுக்குப் போறது நான்தான்."