மஞ்சள் சளி

"சளி வெள்ளையா, மஞ்சளா?" மூன்றாவது முறையாகக் கேட்டார் வைத்தியர் லுவோ. சீனாவின் ஷாவ்ஷிங் நகரக் கடைத்தெருவில் அவருடைய மருந்துக்கடையில் காலையிலிருந்தே கூட்டம்.

"போன வாரம் வெள்ளை. இப்போ மஞ்சள்னு நினைக்கிறேன்" என்றாள் மெய்ஃபென்.

"நினைக்கிறீங்களா? துப்புறது நீங்கதானேம்மா! வெள்ளைன்னா குளிர், மஞ்சள்னா சூடு. மருந்து மாறிப்போனா இருமல் இன்னும் கூடிடும்."

"கெட்டியா இருக்கு. விடியக்காலம் ஆரம்பிச்சா அரைமணி நேரம் நிக்காது."

லுவோ நாடி பிடித்தார். சீராக ஓடியது. நாக்கை நீட்டச் சொன்னார். அதிலும் குறையில்லை. வந்ததிலிருந்து அவள் ஒருமுறைகூட இருமவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"உங்களுக்கு இருமலே இல்லையே! என் பொழுதை வீணாக்கவா வந்தீங்க?"

அவள் தலை குனிந்தாள். "எனக்கில்ல, என் அண்ணனுக்கு. பக்கத்து வீடு, நடுவுல ஒரு சுவர்தான். ஒன்பது வருஷமாப் பேச்சு இல்ல. இருமுறது கேக்கும். குழாயடியில துப்பும்போது பாத்துக்குவேன்."

"நாடி பாக்காம மருந்து கிடையாது. அவரையே வரச் சொல்லுங்க!" எரிந்து விழுந்தபடி அடுத்த ஆளைக் கூப்பிடக் கதவைத் திறந்தார் லுவோ.

வாசலில் நின்ற முதியவர் இருமி முடித்து, மூச்சு வாங்க லுவோவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. என் தங்கச்சி வைத்தியரைப் பாக்கப் போறாளேன்னு பதறிப்போய்ப் பின்னாலயே வந்தேன். அவளுக்கு என்ன சீக்கு?"

"உள்ள வாங்க, சொல்றேன்" என்று லுவோ அவரை இழுத்துப் போய்த் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.