எழுதிக் கொடுக்க வந்தவர்

“அந்தம்மா விழுப்புரத்துல பஸ் ஏறிட்டாங்களாம். இனிமே நீ எந்த ரூலைக் காட்டித் தப்பிக்கறேன்னு நானும் பாக்கறேன்,” என்று மலர்விழியிடம் சொன்னார் மணிமாறன். அந்தத் திண்டிவனம் கல்லூரியின் வைஃபை, கம்ப்யூட்டர் எல்லாம் அவர் பொறுப்பில்தான்.

மலர்விழி தாவரவியல் மூன்றாம் வருடம் படிக்கிறாள். திங்கட்கிழமை பரீட்சை, அவளுடைய ஹால் டிக்கெட் முதல்வர் பெரியசாமியின் மேசைமேல் கிடந்தது.

அவள் செய்த குற்றம் இதுதான். நூலகத்தில் ஒரே ஒரு பிரதி இருந்த ‘பெருமுக்கல் மலைச் செடிகள்’ என்ற புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்தாள். அதைக் கல்லூரி வைஃபை வழியாகவே இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பிவிட்டாள்.

போன வாரம் மணிமாறன் கல்லூரி ரூல் புக்கைக் காட்டி, பரீட்சை எழுதக் கூடாது என்று தண்டனையைக்கூடத் தட்டச்சு செய்து கொண்டுவந்துவிட்டார். அவள்தான் சும்மா இருக்காமல் வாயைத் திறந்தாள்.

“சார், அதே ரூல் புக்குல அஞ்சாவது பக்கத்தைப் பாருங்க. புக்குக்கு உரிமை உள்ளவங்க எழுத்து மூலமா புகார் குடுக்கணும், ஸ்டூடண்ட் சொல்றதையும் கேக்கணும்னு போட்டிருக்கு. அதுக்கப்புறந்தான் தண்டனை.”

முதல்வர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அப்படித்தான் இருந்தது. “இது எப்பய்யா போட்டோம்?” என்று மணிமாறனைக் கேட்டார்.

மணிமாறனுக்கு ரோஷம் வந்துவிட்டது. புத்தகத்தைப் போட்ட பதிப்பகத்தையே மூடிப் பல வருடம் ஆகியிருந்தது. அவர் விடவில்லை, ஆறு நாள் போன்மேல் போன் போட்டு, எழுதிய இருதயமேரியை விழுப்புரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

பதினோரு மணிக்கு இருதயமேரி வந்து சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முகத்தில் சிரிப்பில்லை. மணிமாறன் தன் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு, வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வைத்தார்.

“நடந்ததை அப்படியே எழுதிக் குடுங்கம்மா. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்.”

“மொதல்ல அந்தப் போனைக் குடும்மா,” என்றார் இருதயமேரி மலர்விழியிடம்.

வாங்கிப் பார்க்க ஆரம்பித்தவர் நிமிரவே இல்லை. ஐந்து நிமிடம் ஆனது, பத்து நிமிடம் ஆனது. வைத்த டீயில் ஆடை கட்டிவிட்டது.

“பாத்தியா? ஒவ்வொரு பக்கமா எண்ணிக்கினு இருக்காங்க,” என்று மணிமாறன் மலர்விழியின் காதில் போட்டார்.

ஓரிடத்தில் இருதயமேரி நிறுத்தினார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“முழுசும் எடுத்திருக்கியா? ஒரு பக்கங்கூட விடலையா?”

“விடலைங்க. நூத்தி அறுபத்தி நாலு பக்கமும் இருக்கு.” மலர்விழி ஹால் டிக்கெட்டைப் பார்த்தபடியே தொடர்ந்தாள். “திண்டிவனம், விழுப்புரம், பாண்டி வரைக்கும் போயி கடை கடையா கேட்டுட்டேங்க. எங்கயும் கெடைக்கல. பரீட்சைக்கு எல்லாரும் அந்த ஒத்த புக்குக்கே அடிச்சிக்கினு இருந்தாங்க, அதான்... உங்களைக் கேக்காம செஞ்சது தப்புத்தாங்க.”

“ஒத்துக்கினாளா! கேட்டீங்களா சார்?” என்று மணிமாறன் முதல்வரைப் பார்த்தார்.

“கடைசியில செடிங்க படம் வருமே, அது?” என்று கேட்டார் இருதயமேரி.

“அதுவும் இருக்குங்க.”

இருதயமேரி பேனாவை எடுத்தார். தாளில் நிதானமாக ஒரே ஒரு வரி எழுதி, மேசை நடுவில் வைத்தார்.

மணிமாறன் ஆவலோடு எட்டிப் பார்த்தார். பத்து எண்கள் மட்டும்தான் இருந்தன.

“என்னம்மா இது? புகார் எங்க?”

“அந்தப் பொண்ணு ஹால் டிக்கெட்டைக் குடுத்துடுங்க சார்,” என்று முதல்வரிடம் சொல்லிவிட்டு, இருதயமேரி மலர்விழி பக்கம் திரும்பினார்.

“அது என் வாட்ஸ்அப் நம்பரு. போன மழையில வீட்டுக்குள்ள தண்ணி பூந்து, எங்கிட்ட இருந்த கடைசி காப்பியும் ஊறிப்போச்சு. எனக்கும் ஒண்ணு அனுப்பி விடும்மா!”