கடைசிக் கோரிக்கை

"எல்லாரும் முந்திக்கிட்டா, கடைசியா நிக்கிறவங்க எப்பம்மா உள்ள போவாங்க?" மருத்துவமனை வரிசையில் மகள் என்றோ கேட்டது நஸீமாவுக்கு நினைவு வந்தது. அவள் சோதித்துக்கொண்டிருந்த, மூத்த நிரலாளர் தாவீது திருத்திய இயங்குதளத்தில் டிஸ்க்கின் சராசரி வேகம் கூடியிருந்தது. ஆனால் டிஸ்க்கைப் படிக்கக் கேட்ட ஒரு சின்னக் கோரிக்கை மட்டும், மற்றவை முந்திக்கொள்ள, ஒன்பது நொடி காத்துக் கிடந்தது. பழைய பதிப்பில் அப்படி இல்லை.

"சராசரிதான் ஜோரா இருக்கே, நாலு மணிக்கு வெளியிட்டுடலாம்ல?" என்றார் மேலாளர்.

"மூணரைக்குச் சொல்றேன் சார்."

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய தரவை நினைவகத்திலிருந்து துடைக்காமலே அவள் வேகத்தை அளந்துவிட்டாள்; இல்லாத வேகத்தை அது காட்டியது. "துடைச்சிட்டு அளங்க" என்றொரு துண்டுச்சீட்டு மறுநாள் அவளுடைய கீபோர்டுக்கு அடியில் இருந்தது. எழுத்து தாவீதுடையது. அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

இப்போது தாவீது சாப்பிடப் போயிருந்தார். அவருடைய நிரலில் தேடிக் கண்டுபிடித்த, பிழையுள்ள வரியின் எண்ணைச் சீட்டில் எழுதி, அவருடைய கீபோர்டுக்கு அடியில் செருகிவிட்டு, நஸீமா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்றரை. அவர் திருத்த இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.